சங்குக்கு எழாத வெள்ளை நாய்

என்னோடு அந்தத் தெருவில் வளர்ந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இப்போது நமக்கெல்லாம் முட்டி வலிக்கிறது. மாடிப்படியைக் கண்டால் ஒரு கணம் நின்று யோசிக்கிறோம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கும்போது யாராவது ஒருவர், "இவளும் இவ தம்பியும் சின்ன வயசுல வீட்டுக்குத் தெரியாம வில்லிபுத்தூர் போய்த் தொலைஞ்சு போனாகளே" என்று ஆரம்பிக்கிறீர்கள். எல்லோரும் சிரிக்கிறீர்கள். என் தம்பியும் கூடச் சேர்ந்து சிரிக்கிறான். நான் சிரிப்பதில்லை. நாங்கள் தொலைந்து போகவில்லை. எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று தெரிந்துதான் பஸ் ஏறினோம். போன காரியத்தை முடித்துக்கொண்டுதான் இறங்கினோம். நீங்கள் சொல்லும் கதையில் சோழபுரத்து அத்தையே இல்லை. அவளை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது என்று தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. ராஜபாளையத்தில் சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று மாம்பழம் வந்து குவிகிற சமயம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வைக்கோலில் பழுத்த மாம்பழ வாசம் மூக்கில் ஏறும். தெருக்கோடிப் பொட்டலில் பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயப்போட்டிருப்பார்கள். உச்சி வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். நமக்கெல்லாம் கடிகாரம் மில் சங்குதான். சங்கு ஊதினால் சோறு, சங்கு ஊதினால் விளக்கு. சங்கு ஊதும்போது தெருநாய்கள் அத்தனையும் கழுத்தை மேலே தூக்கி ஊளையிடும், ஞாபகம் இருக்கிறதா?

வாடகைப் புத்தகக் கடையிலிருந்து எடுத்து வந்த துப்பறியும் கதைகளை நான் வெறியோடு படித்துக்கொண்டிருந்த காலம் அது. அட்டை கிழிந்து, கோணியூசியால் தைத்து, எண்ணெய்க் கறை படிந்த புத்தகங்கள். அவற்றில் பையன்கள் துப்புத் துலக்குவார்கள். கூடவே ஒரு பெண் வருவாள். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பாள், குகை வாசலில் நின்று பயப்படுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் எங்கள் கூட்டத்தில் தலைவி நான். யோசிக்கிறவள் என் சிநேகிதி. தயிர்ச்சோற்றுத் தூக்குவாளியைச் சுமக்கிறவன் என் தம்பி.

சிநேகிதியின் அம்மாதான் சோழபுரத்து அத்தை. சோழபுரத்தில் காட்டு வேலை செய்து கொண்டிருந்தவள், புருஷன் போன பிறகு மகளோடு எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மில் தாத்தா வீட்டில் பாத்திரம், துணி, தரை எல்லாம் அவள் பொறுப்பு.

மில் தாத்தா ஒரு பழைய நூற்பாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்த என் அப்பா, அவரைத் தெருவில் கண்டால் அப்போதும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். அவரது பெருமையெல்லாம் அவர் வளர்த்த வெள்ளை நாய். நம் ஊர் ஜாதி நாய். ரோஸ் நிற மூக்கு, சாட்டை மாதிரி வால். "இக்கட ரா" என்று அவர் தெலுங்கில் கூப்பிட்டுத் தொடையில் தட்டினால் எழுந்து வந்து காலடியில் நிற்கும். "ஒரு சொல்லுக்குக் கட்டுப்படும். இலை விழுந்தாலும் அதுக்குக் கேட்டுரும்" என்பார்.

அதற்குக் காது கேட்காது. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மில் சங்குக்குத் தெருவே ஊளையிடும்போது அது மட்டும் சாக்கில் சுருண்டு தூங்கும். தீபாவளிக்கு அதன் பின்னால் சரவெடி வெடித்தபோது வால்கூட அசையவில்லை. அது கட்டுப்பட்டது தாத்தாவின் சொல்லுக்கு அல்ல, தொடையில் தட்டும் கைக்கு. இதைப் போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. தினமும் பார்க்கிற அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

மில் தாத்தா வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது. மில் பாட்டி உயிரோடிருந்தபோது ஒருநாள் அதில் தன் தெலுங்குத் தாலாட்டைப் பாடிப் பதிந்தாள். நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பாதிப் பாட்டில் தம்பி தும்மிவிட்டான். பாட்டி சிரித்து, சிரிப்போடே பாட்டை முடித்தாள். வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் ஒரு குங்குமப் பொட்டு வைப்பது அவள் வழக்கம். அந்த காசெட்டுக்கும் வைத்தாள். அடுத்த மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு சாயங்காலமானால் தாத்தா அந்த காசெட்டைப் போட்டு, நாயின் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த டேப் ரெக்கார்டர்தான் ஒரு மத்தியானம் காணாமல் போனது. காசெட்டும் அதற்குள் இருந்தது.

தெரு முழுக்க உறங்குகிற நேரம். தாத்தா உள்ளறையில் படுத்திருந்தார். எழுந்து வந்து பார்த்தால் முன்னறை மேசை காலி. சாயங்காலம் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. சோழபுரத்து அத்தையைக் கூப்பிட்டு நடுத்தெருவில் நிறுத்தியிருந்தார்கள். அவள் கையில் சாம்பல்கூடக் கழுவப்படவில்லை.

"என் நாய் குரைக்கலை" என்றார் தாத்தா. "வெளியாள் வந்திருந்தா அது தெருவையே எழுப்பியிருக்கும். அப்போ வந்தது யாரு? அதுக்குப் பழகின ஆளு. இந்த வீட்டுக்குள்ள வந்து போற ஆளு நீ ஒருத்திதான்."

"நான் எடுக்கலைங்கய்யா."

"திருடி எப்போ எடுத்தேன்னு சொல்லியிருக்கா? நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள என் சாமான் மேசைக்கு வரணும். இல்லாட்டி ஸ்டேஷன்ல வச்சுப் பேசிக்கிடலாம்."

யாரும் அத்தைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நாய் குரைக்கவில்லை என்ற வாதம் எல்லோருக்கும் பிடித்துப் போயிருந்தது. அப்பா தலையை ஆட்டினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அந்த நாய்க்குக் காது கேக்காது."

"வாயை மூடுட்டி. அவிய காதுல விழுந்தா என்னாகும் தெரியுமா?"

"நெசமாத்தான்ப்பா. சங்குக்குக்கூட எந்திரிக்காது."

"உள்ள போ."

சிநேகிதி அழவில்லை. கூட்டம் கலைந்ததும் நேராகத் தாத்தா வீட்டுச் சுற்றுச்சுவருக்குள் போனாள். நாங்களும் பின்னால் போனோம். குரோட்டன்ஸ் செடிகளுக்குக் கீழே, நாயின் சாக்குக்குப் பக்கத்தில் கட்டெறும்பு வரிசை ஒன்று ஓடியது. அதன் முடிவில் ஒரு மந்தாரை இலை கிடந்தது. ஓரத்தில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சிநேகிதி எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"பால்கோவா" என்றாள்.

இலையைச் சுற்றிக் கட்டியிருந்த கட்டும் கூடவே கிடந்தது. வாழைநார் இல்லை, நூல் இல்லை. பளபளவென்று பழுப்பு நிறத்தில் ஒரு நாடா. ரிப்பேர் கடைகளில் வெட்டிப் போடுகிற காசெட் டேப்.

அவள் செடிக்கடியிலேயே குத்தவைத்து உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். "எங்கம்மாவைப் பாத்தாலே அது வாலை ஆட்டிட்டுக் காலைச் சுத்தி வரும். எங்கம்மா எடுத்திருந்தா நாய்க்கு எதுக்குப் பால்கோவா போடணும்? இதைப் போட்டவன் நாய்க்குப் பயந்தவன். அதுக்குக் காது கேக்காதுன்னு தெரியாதவன்."

அப்போதுதான் தம்பிக்கு ஞாபகம் வந்தது. முந்திய மாதம் டேப் ரெக்கார்டரில் நாடா சிக்கிக்கொண்டபோது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரிப்பேர்காரன் ஒருவன் சைக்கிளில் வந்தான். நாய் அவனை நேருக்கு நேர் பார்த்துப் பாய்ந்ததில் சுற்றுச்சுவரில் ஏறி நின்று கொண்டு இறங்க மாட்டேன் என்றான். நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவன் சென்ட் வாசம்கூட எனக்கு நினைவிருந்தது.

எங்கள் ஊர்க் கடைகளில் பால்கோவாவை எண்ணெய்த்தாளில் மடித்துத் தருவார்கள். மந்தாரை இலையில் வைத்துத் தருகிற கடை ஒன்று மடவார் வளாகத்தில், கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா அங்கேதான் வாங்குவார்.

இதையெல்லாம் அன்று இரவே அப்பாவிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "கதைப் புத்தகம் படிச்சுப் படிச்சு மூளை கெட்டுப் போச்சு இவளுக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். புத்தகத்தைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தார். அது திரும்பக் கிடைக்கவே இல்லை. அதன் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆகவே காலையில் கிளம்பினோம். சொல்லிப் பார்த்தாகிவிட்டது, கேட்கவில்லை. வேறு என்ன செய்வது?

தம்பியின் மண் உண்டியலைத் தலைகீழாக ஆட்டிச் சில்லறை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பெரியவர்கள் துணை இல்லாமல் பஸ்ஸில் போனது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. கண்டக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அம்மாச்சி வீட்டுக்குப் போறோம்" என்று சிநேகிதி சொன்னாள். குரலில் நடுக்கமே இல்லை. ஜன்னல் வழியாக மலை கூடவே வந்தது.

மடவார் வளாகத்தில் இறங்கியதுமே பால் காய்கிற வாசனை. விறகடுப்பில் பெரிய இரும்புச் சட்டி, அதில் பால் சுண்டிக் கெட்டியாகிக்கொண்டிருந்தது. பால்கோவாக் கடைக்காரர் ஆள் உயரத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். வேர்வை அவர் முதுகில் வழிந்தது.

"அண்ணாச்சி, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பாக்கிற கடை இங்க எங்க இருக்கு?"

"அந்தா, அந்தச் சந்துல திரும்புங்க. பாட்டுப் பதியுற கடை. தினம் நம்ம கடைக்கு வந்து இலைல வாங்கித் திம்பான்." துடுப்பை நிறுத்தாமல் எங்களைப் பார்த்தார். "எந்த ஊருப் பிள்ளைக நீங்க? கூட யாரும் வரலையா?"

"பின்னால வாராக" என்றேன்.

சின்னக் கடை. கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க சினிமாப் படங்கள், அடுக்கடுக்காக காசெட்டுகள். உள்ளே அதே சென்ட் வாசம். அவனுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. சுவரில் ஏறி நின்றபோது அவன் நாயைத்தான் பார்த்திருப்பான், எங்களை எங்கே பார்த்தான்?

"பாட்டுப் பதியணும்" என்றேன்.

"புது காசெட்டா? பழசுல பதியவா? பழசுன்னா கொறைச்சல்தான்." அட்டைப் பெட்டி ஒன்றை முன்னால் தள்ளினான். "இதுல ஒண்ணு எடுங்க. அழிச்சிட்டுப் பதிஞ்சு தாரேன்."

பெட்டிக்குள் கையை விட்டேன். மேலாகவே கிடந்தது. வெள்ளைத் தாளில் மங்கிப்போன ஒரு குங்குமப் பொட்டு.

 நாங்கள் ஒருநாள் தாமதித்திருந்தால் பாட்டியின் குரல்மேல் ஏதோ ஒரு சினிமாப் பாட்டு ஏறியிருக்கும்.

"இது நல்லா ஓடுதான்னு போட்டுக் காட்டுங்க" என்றேன்.

போட்டான். கரகரவென்று ஓர் ஓசை. பிறகு மில் பாட்டி பாடினாள். செத்துப்போனவளின் குரலை அந்தச் சினிமாப் படங்களுக்கு நடுவில் நின்று கேட்டோம். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். பாட்டுக்கு நடுவில் தும்மல் வந்தது, அவனுடைய தும்மல். பாட்டி சிரித்தாள்.

"இது எங்க தெரு மில் பாட்டி" என்றேன். "தும்முனது இவன். மெஷின் எங்க?"

அவன் கண் தன்னையறியாமல் மேசைக்கு அடியில் போனது. அங்கே துண்டு போட்டு மூடிய ஒரு பொருள். துண்டுக்கு வெளியே டேப் ரெக்கார்டரின் கைப்பிடி தெரிந்தது. அவன் எழுந்து கதவைச் சாத்த வந்தான். சிநேகிதி கதவிடுக்கில் காலை வைத்தாள். கதவு அவள் பாதத்தில் மோதியது, அவள் எடுக்கவில்லை. நான் பொத்தானை அமுக்கி காசெட்டை உருவினேன். அவன் என் கையைப் பிடித்தான். தூக்குவாளி சுமக்கிறவன் என்று நாங்கள் ஏளனம் செய்த என் தம்பி, அந்தத் தூக்குவாளியாலேயே அவன் முழங்காலில் ஓங்கி ஒன்று போட்டான்.

ஓடினோம். பின்னால் அவன் நொண்டிக்கொண்டே வந்தான். பால்கோவாக் கடைக்காரர் எங்களைப் பார்த்தார், அவனையும் பார்த்தார். துடுப்பைச் சட்டியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி தெருவில் இறங்கி நின்றார். கொதிக்கிற பால் அதிலிருந்து சொட்டியது.

"பிள்ளைகளை எதுக்குலே வெரட்டுத?"

அவன் துடுப்பைப் பார்த்தான். வந்த வழியே திரும்பிப் போனான். கடைக்காரர் எங்களிடம் முழுக் கதையையும் கேட்டார். நடுவில் குறுக்கே பேசாமல் எங்களை முழுதாகக் கேட்ட முதல் பெரிய மனிதர் அவர்தான். பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "போய் நல்லாச் சொல்லுங்க, பயப்படாமச் சொல்லுங்க" என்றார்.

நாங்கள் இறங்கும்போது தெருவே எங்களைத் தேடிக்கொண்டிருந்தது. கிணற்றில்கூடப் பார்த்திருக்கிறார்கள். அப்பா என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் அறைந்தார்.

"பொம்பளப் பிள்ளைக்கு எம்புட்டுத் திமிரு இருந்தா ஊரு விட்டு ஊரு போவ?"

மில் தாத்தா வாசலில் நின்றார். நாய் அவர் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. சோழபுரத்து அத்தை ஓரமாக, ஸ்டேஷனுக்குப் போகத் தயாராகத் துவைத்த சேலை கட்டிக்கொண்டு நின்றாள். அந்தச் சேலையைப் பார்த்ததும் கன்னத்தின் எரிச்சல் எனக்கு மறந்து போனது.

"தாத்தா, உங்க நாய்க்குக் காது கேக்காது" என்றேன். "செத்த நேரம் பொறுங்க. சங்கு ஊதட்டும்."

அப்பா மறுபடி கையை ஓங்கினார். தாத்தா தடுத்தார். கருணையால் அல்ல, கோபத்தால்தான். "ஊதட்டும்" என்றார். "எல்லாரும் பாருங்க."

ஷிப்ட் சங்கு ஊதியது. தெருக்கோடியில் ஒரு நாய் ஆரம்பித்தது. பிறகு பொட்டலில், பிறகு டீக்கடை வாசலில், பிறகு எல்லா நாய்களும். வானமே ஊளையிட்டது போலிருந்தது. அவர் காலடியில் வெள்ளை நாயின் வயிறு நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சங்கு நின்றது. தாத்தா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்து, "இக்கட ரா" என்றார். இன்னும் குனிந்து, அதன் காதுக்குப் பக்கத்தில் மறுபடியும் சொன்னார். நாய் தூங்கியது. அவர் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அன்று எனக்கு வெற்றி மட்டும்தான் இருந்தது. இத்தனை சாயங்காலங்கள் பாட்டியின் பாட்டைத் தன்னோடு சேர்ந்து அதுவும் கேட்டதாக அவர் நம்பியிருந்தார் என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆனது. அது புரிந்த பிறகும் அத்தையைத் தெருவில் நிறுத்தியதை நான் மன்னிக்கவில்லை.

சிநேகிதி காசெட்டை வாங்கித் தன் அம்மா கையில் கொடுத்தாள். அத்தை அதைத் தாத்தாவிடம் நீட்டினாள். அது யார் கடையில் கிடைத்தது என்று நான் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

அன்று ராத்திரி அப்பா கேட்டார். "இனிமே சொல்லாமப் போவியா?"

"சொன்னா விடுவீங்களா?"

"விடமாட்டேன்."

"அப்போ சொல்லாமத்தான் போவேன்."

அதற்கும் ஓர் அடி விழுந்தது. வாங்கிக்கொண்டேன். சொன்னதை மாற்றவில்லை.

மறுநாள் அப்பாவும் தாத்தாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டேப் ரெக்கார்டரோடு திரும்பினார்கள். போலீஸ் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "வயசுப் பையன். கல்யாணம் பேசி முடிச்சிருக்காக. பேரு கெட்டுரும்" என்றார் அப்பா. "அத்தைக்குப் பேரு இல்லையா?" என்றேன். அவர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். அந்த மௌனத்தை நான் இன்னும் அவருக்கு எதிராக வைத்திருக்கிறேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆன பிறகும்.

அத்தை வேலைக்குப் போகவில்லை. சொல்லி அனுப்பினார்கள், போகவில்லை. கடைசியில் மில் தாத்தாவே லைன் வீட்டுக்கு வந்தார். நானும் சிநேகிதியும் உள்ளே பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தோம். அவர் வாசற்படியில் தலையைக் குனிந்து நுழைந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"தப்பு நடந்து போச்சும்மா. மனசுல வச்சுக்கிடாதே. நாளையிலேருந்து வந்திரு."

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "என்னைத் திருடின்னு எங்க வச்சுச் சொன்னீங்க?"

அவர் வாசற்படியைப் பார்த்தார்.

"தெருவுல வச்சுச் சொன்னீங்க. அம்புட்டுப் பேரும் கேட்டாக. இங்க வந்து மெதுவாச் சொன்னா எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான தெரியும். அங்க வச்சுச் சொல்லுங்கய்யா."

அவர் போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். ஆனால் அடுத்த நாள் காலை, குழாயடியில் பெண்கள் குடம் வைத்துக் காத்திருந்த நேரம், ஆள் அனுப்பி அத்தையைக் கூப்பிட்டார். அவர் தன் வீட்டு வாசலில் நின்றார். அத்தை தெருவின் நடுவில், அன்று நிறுத்தப்பட்ட அதே இடத்தில் போய் நின்றாள்.

"இந்தம்மா எடுக்கலை" என்றார் தாத்தா. குரல் குழாயடி வரை எட்டவில்லை. "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"விடுங்கய்யா, நீங்க போய் இப்படி..." என்று என் அப்பா முன்னால் வந்தார்.

"அவிய பேசட்டும்" என்றாள் அத்தை.

தாத்தா மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை தெரு முழுக்கக் கேட்கும்படி. குழாயில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் குடத்தை எடுக்கவில்லை. அத்தை முழுதாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"வேலைக்கு?" என்றார் தாத்தா.

"பேண்டேஜ் துணி மடிக்கிற இடத்துல சேந்துட்டேன்யா. போயிட்டு வாரேன்."

அந்தத் துணி மடிக்கிற கொட்டகை லைன் வீட்டுக்குப் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதையில் பக்கம்தான். எங்கள் தெரு வழியாகப் போனால் சுற்று. ஆனாலும் அத்தை ஒருநாள்கூட அந்தப் பாதையில் போகவில்லை. தினமும் காலையில் தலையை நன்றாக வாரி முடித்து, தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் தெருவின் ஒரு முனையில் நுழைந்து மறு முனை வரை, நடு ரோட்டில், அவசரமே இல்லாமல் நடந்து போவாள். விடுமுறை முடியும் மட்டும் நானும் சிநேகிதியும் அவளுக்கு இரண்டு பக்கமும் நடந்தோம். எதிரே வந்த சைக்கிள்கள் விலகிப் போயின.